தைராய்டு ரிப்போர்ட் ஏறி இறங்குகிறதா? டோஸை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 48 வயது, எடை 62 கிலோ. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தைராய்டு குறைவுக்காக ஏழு வருடமாக 75 எம்சிஜி (மைக்ரோகிராம்) மாத்திரை சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) எப்போதும் 2, 3 என்றுதான் இருக்கும். போன வருடம் முழங்கால் வலிக்குக் காட்டப் போனபோது கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். மறந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் காலைக் காபிக்கு முன்னால் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து டிஎஸ்ஹெச் 9.4, ஃப்ரீ டி4 (ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோன்) 0.9. டோஸை 100 ஆக்கினார்கள். பயத்தில் மூன்றே வாரத்தில் நானாகவே லேபுக்குப் போனேன். டிஎஸ்ஹெச் 6.8, ஃப்ரீ டி4 1.7. வேறொரு டாக்டர் 125 ஆக்கினார். பிறகு கால்சியம் கோர்ஸ் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து இப்போது பார்த்தால் டிஎஸ்ஹெச் 0.06, ஃப்ரீ டி4 2.1. படபடப்பாக இருக்கிறது, தூக்கமே இல்லை. மறுபடி 75க்கு இறக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, கொஞ்ச நாள் நிறுத்திப் பார் என்கிறார். முடி கொட்டுகிறது என்று ஒரு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமினும் சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் சரியாக இருந்த காலத்திலும் டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் மட்டும் அடிமட்டத்திலேயே இருந்தது. அசதி போகவில்லை, எடையும் குறையவில்லை. டி3 மாத்திரை தனியாக வேண்டுமா? கடைசியாக ஒன்று. என் மகளும் தைராய்டுக்கு 50 எம்சிஜி சாப்பிடுகிறாள். இப்போது ஆறு வாரக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மகளிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள்: மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்துதான் போகிறது. நாலாவது, ஆறாவது வாரத்திலேயே தாயின் தேவை ஏறத் தொடங்கிவிடும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்கள் பெரும்பாலானோருக்கு டோஸைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியானதும் வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதிலாக ஒன்பது, அதாவது இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டாகப் போடுவது எங்கள் வழக்கம். ஆனால் அதை அவளுடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும். இந்த வாரமே டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். பிறகு கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும் பார்க்கலாம். 2.5க்குக் கீழே வைத்துக்கொள்வதுதான் இலக்கு. பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி ஒரு சோதனை. தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரையால் எந்தக் கெடுதலும் இல்லை. இது உடம்பு தானே சுரக்கும் ஹார்மோனின் அதே வடிவம். குழந்தைக்கு ஆபத்து மாத்திரை இல்லாமல் போவதில்தான்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் கட்டாயம் கொடுப்பார்கள். அவற்றைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளித்தான் சாப்பிட வேண்டும். உங்களுக்கு நடந்தது அவளுக்கும் நடந்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். என் கணிப்பில் உங்கள் தைராய்டு நோய் இந்த ஒரு வருடத்தில் பெரிதாக மாறவே இல்லை. மாத்திரை உள்ளே போன விதமும் ரத்தம் எடுத்த நேரமும்தான் மாறியிருக்கின்றன. அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், டோஸை மாற்றினார்கள்.

முதல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சாப்பிடும் லெவோதைராக்சின், அதாவது டி4 மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டாலே 70 முதல் 80 சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படும். கால்சியமும் இரும்பும் கூடவே போனால் மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காபி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஆக, நீங்கள் விழுங்கியது 75 எம்சிஜி. ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிட ரொம்பக் குறைவு. ஹார்மோன் போதவில்லை என்று மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கண்டுகொண்டது, டிஎஸ்ஹெச்சை ஏற்றியது. ஃப்ரீ டி4 0.9 என்று கீழ்வரம்பை ஒட்டி இருந்ததும் இதற்குப் பொருந்துகிறது. அன்றைக்கே கால்சியத்தையும் இரும்பையும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளியிருந்தால், அநேகமாக டோஸைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

இரண்டாவது ரிப்போர்ட்தான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. டோஸ் மாற்றி மூன்றே வாரத்தில் எடுத்த டிஎஸ்ஹெச்சை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. உடம்பில் இருக்கும் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் பிடிக்கும். புது டோஸில் ரத்த அளவு ஒரு நிலைக்கு வந்து சேர ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குப் பிறகுதான் டிஎஸ்ஹெச்சும் அடங்கும். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறோம். உங்களுக்கு 9.4லிருந்து 6.8க்கு இறங்கியிருந்தது. இறங்கிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

அதே ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 1.7 என்று இருந்ததை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. மேல்வரம்பு பல லேப்களில் 1.8தான். டிஎஸ்ஹெச் இன்னும் உயரமாக இருக்கும்போது ஃப்ரீ டி4 மட்டும் மேலே நிற்கிறது என்றால் சில காரணங்கள் உண்டு. ஒன்று, டோஸ் கூடி சில வாரமே ஆகியிருக்கும். டி4 சீக்கிரம் ஏறும், டிஎஸ்ஹெச் மெதுவாகத்தான் பின்னால் வரும். இரண்டு, அன்று காலை மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போயிருப்பீர்கள். மாத்திரை போட்ட இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் ஃப்ரீ டி4 தன் உச்சத்தைத் தொடும், அப்போது ரத்தம் கொடுத்தால் எண் கூடித்தான் வரும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பல நாள் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்ட் வருகிறதே என்று கடைசி நாலைந்து நாள் ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் இதே மாதிரிதான் வரும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் இதைப் படிக்கும் சிலருக்கு உறைக்கும். அவர்களுக்குச் சொல்கிறேன், டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையே இல்லாத பெரிய டோஸ் உங்கள் தலையில் வந்து விழும்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கால்சியம் நின்றது, குடல் மறுபடி முழுதாக உறிஞ்சத் தொடங்கியது, டோஸோ 125. சுரப்பி அறவே வேலை செய்யாத ஒருவருக்குக்கூட கிலோவுக்கு 1.6 எம்சிஜிதான் பொதுவான கணக்கு. 62 கிலோவுக்கு அது சுமார் 100. உங்களுக்கு 75லேயே பல வருடம் சரியாக இருந்தது என்றால், சுரப்பி இன்னும் கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருக்க 125 நிச்சயமாக அதிகம். படபடப்பும் தூக்கமின்மையும் அதைத்தான் சொல்கின்றன.

இதில் பயோட்டின் வேறு குழப்புகிறது. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 எம்சிஜி. முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று, நூற்றுக்கணக்கான மடங்கு இருக்கும். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்ஹெச் இல்லாத அளவுக்குக் குறைவாகவும், ஃப்ரீ டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். தைராய்டு எகிறிவிட்டது போன்ற ரிப்போர்ட் வரும், ஆளுக்கு ஒன்றும் இருக்காது. 2017ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. உங்களுக்கு அறிகுறிகள் இருப்பதால் எண் முழுவதும் பொய்யாக இருக்காது, ஆனால் எவ்வளவு மெய் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. அடுத்த சோதனைக்கு ஒரு வாரம் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். உங்கள் முடி கொட்டுவதற்கு இந்த ஹார்மோன் ஏற்ற இறக்கமே காரணமாக இருக்கலாம் என்பதால், அதை விட்டுவிட்டாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

75க்கு இறக்கச் சொன்ன டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மாதிரி அடியோடு நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் முதல் வாரம் பத்து நாள் நன்றாகத்தான் இருக்கும், கையிருப்பு டி4 ஓடிக்கொண்டிருக்கும். நாலு வாரத்தில் முகம் வீங்கி, குரல் தடித்து, மலச்சிக்கலோடு வந்து நிற்பீர்கள். காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா என்று பலர் மனம் உடைந்து கேட்கிறார்கள். 1891ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், ஏறக்குறைய உங்கள் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு, செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை முதன்முதலில் ஊசியாகப் போட்டார். அதுவரை அந்த நோய் முற்றியவர்களுக்கு மெல்ல மெல்லச் சாவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்தப் பெண் அதன்பின் 28 வருடம் வாழ்ந்து, எழுபது தாண்டித்தான் இறந்தார். இன்று அதைவிடத் துல்லியமான, சுத்தமான மருந்து, ஒரு நாளைக்குச் சில ரூபாயில் நம் தெரு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. நான் இதை ஒரு பெரிய கொடையாகத்தான் பார்க்கிறேன்.

டி3 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. நம் சுரப்பி முக்கியமாக டி4ஐத்தான் சுரக்கிறது. உடம்பு உண்மையில் பயன்படுத்துவது டி3. அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சுரப்பி நேரடியாகத் தருகிறது. மீதி ஈரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டி4லிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றித் தயாராகிறது. சுரப்பியே இல்லாதவர்களுக்கும் டி4 மட்டும் கொடுத்தால் உடம்பு டி3 செய்துகொள்கிறது என்று 1970ல் நிரூபித்தார்கள். அன்றிலிருந்துதான் டி4 மட்டும் கொடுத்தால் போதும் என்ற வழக்கம் வேரூன்றியது.

ஆனால் இதில் ஒரு சின்ன இடைவெளி உண்டு என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். மாத்திரையை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு டிஎஸ்ஹெச் சரியாக இருக்கும்போது, ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் டி4 கொஞ்சம் மேலேயும் டி3 கொஞ்சம் கீழேயும் நிற்கும். சுரப்பி நேரடியாகத் தரும் பங்கு இல்லாமல் போனதே அதற்குக் காரணம். ஆகவே உங்கள் டி3 அடிமட்டத்தை ஒட்டி, ஆனால் வரம்புக்குள்ளேயே இருந்தது புது நோய் ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி3ஐத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே வீண் செலவு என்பது என் கருத்து. ஆன்டி டிபிஓ, அதாவது தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனையும் அப்படித்தான். ஒருமுறை பார்த்தால் போதும், அது ஏறியது இறங்கியது என்று டோஸை மாற்றப் போவதில்லை.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் உடம்பு சரியாக இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் சொல்வது கற்பனை இல்லை. ‘ரிப்போர்ட் நார்மல், போய் வாங்க’ என்று அவர்களை அனுப்பிவிடுவது நியாயமே இல்லை. டி4ஓடு டி3யும் சேர்த்துக் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மொத்தத்தில் தெளிவான பலன் தெரியவில்லை, சிலர் மட்டும் இதுதான் எனக்கு ஒத்துப்போகிறது என்கிறார்கள். டி3 மாத்திரை சில மணி நேரத்தில் ரத்தத்தில் எகிறி இறங்கும், படபடப்பைத் தரும். ஏற்கெனவே படபடக்கும் உங்களுக்கு இப்போது அது கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கூடாது. முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பு), பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். உங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்களே, எதற்கென்று கேட்டீர்களா? ரத்தசோகை இருந்திருந்தால் அசதிக்கு அதுவே போதுமான காரணம். இரவில் குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயது இது, அந்த அசதியும் தூக்கக் கேடும் தைராய்டு கணக்கில் ஏறிவிடும்.

எடை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். தைராய்டு குறைவால் ஏறும் எடை சில கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை சரியானதும் அது இறங்கிவிடும். மீதிக்கு நடையும் சாப்பாடும்தான் வழி. எடை குறையட்டும் என்று டோஸைக் கூட்டி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன், ரொம்பக் கவலையாக இருக்கிறது. டிஎஸ்ஹெச் பல மாதம் 0.1க்குக் கீழே கிடந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும். மாதவிடாய் நிற்கும் தறுவாயில் இருக்கும் பெண்ணுக்கு எலும்பு ஏற்கெனவே இளைக்கத் தொடங்கியிருக்கும்.

சரி, இனி மாத்திரையை எப்படிப் போடுவது? எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், இடைவெளி விடுங்கள். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்றால் ராத்திரிக்கு மாற்றிவிடுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போட்டால் போதும். 2010ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் ராத்திரி போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது. ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. காலையோ இரவோ, ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். கேஸ் மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், வயிற்றில் அமிலம் குறைந்தால் உறிஞ்சுவதும் குறையும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மாத்திரை டப்பாவை எங்கே வைக்கிறீர்கள்? அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியிலும் ஃபிரிட்ஜ் மேலும் வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். திருப்பூர் சித்திரை வெயிலில் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த பாட்டிலிலேயே, மூடியை இறுக்கி, படுக்கையறை அலமாரியில் வைத்தால் போதும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடலாம்.

75க்கு மாறிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து ஏழாவது, எட்டாவது வாரத்தில், அதே லேபில், காலையில், மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுங்கள். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இரண்டு மட்டும் போதும். டிஎஸ்ஹெச் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும், விடிகாலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். ஆகவே 2.6 வந்தாலும் 3.4 வந்தாலும் அதில் வித்தியாசம் பார்க்காதீர்கள். 0.4க்கும் 4க்கும் இடையில் இருந்தால் நிம்மதியாக விட்டுவிடுங்கள். ஒருவேளை 5, 6 என்று வந்தால் 88க்குப் போகலாம், நேரே 100க்குத் தாவ வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் பின்பக்கம் மூன்று விஷயங்களைப் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள்: இந்த டோஸ் தொடங்கி எத்தனை வாரம், அன்று மாத்திரை போட்ட பின்பா முன்பா ரத்தம் கொடுத்தது, வேறு என்னென்ன மாத்திரைகள் ஓடுகின்றன. எந்த டாக்டர் பார்த்தாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

நான் சொன்ன டிஎஸ்ஹெச் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு அதை வேண்டுமென்றே குறைத்து வைப்பார்கள். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டோ வேறு காரணத்தாலோ பிட்யூட்டரியே பழுதானவர்களுக்கு டிஎஸ்ஹெச்சை நம்பவே முடியாது, ஃப்ரீ டி4தான் அளவுகோல். எழுபது தாண்டியவர்களுக்கு 5, 6 என்று இருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அவர்களெல்லாம் தங்கள் மருத்துவர் சொல்லும் இலக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் படபடப்பு, டோஸைக் குறைத்த ஒரு வாரம் பத்து நாளில் தணியத் தொடங்க வேண்டும். முழுதாக அடங்க இன்னும் சில வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஒரு இசிஜி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு நூறைத் தாண்டினாலோ, தாளம் இல்லாமல் விட்டுவிட்டுத் துடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.